முதலில் முதுகைப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், ஸ்வீடன் எனாமல் அடுக்குகளுக்கும் பித்தளைத் தாழ்ப்பாள்களுக்கும் நடுவே, மூடி துருவேறிய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. திறந்து பார்த்தேன். ஒன்பது சவரக்கத்திகள் மடித்தபடி கிடந்தன. 2014ஆம் ஆண்டு, சித்திரை மாதம். கடைக்காரர் 3,000 ரூபாய் சொன்னார். பேசிப் பேசி 2,000 ரூபாய்க்கு டப்பாவோடு வாங்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன்.

அந்த ஒன்பதில் ஐந்து எதற்கும் உதவாதவை. மூன்று, சரியாகத் தீட்டினால் இன்றும் முகம் மழிக்கக்கூடிய நல்ல கத்திகள். ஒன்று, டப்பா முழுவதற்கும் நான் கொடுத்த பணத்தைப்போலப் பல மடங்கு பெறும். அந்த ஒன்றைத்தான் நான் கெடுத்தேன். எது எது என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. இதைப் படிக்கும் யாராவது நாளை அப்படி ஒரு டப்பாவின் முன் நிற்கக்கூடும். அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் தாத்தா தேவகோட்டையில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். காலையில் அடைப்பத்தை, அதாவது சவரக் கருவிகள் வைக்கும் பையைத் திறந்து, சுவரில் மாட்டிய தோல்வாரை இடது கையால் இழுத்துப் பிடித்துக் கத்தியை மேலும் கீழும் புரட்டிப் புரட்டி வீசுவார். அந்த ஓசையில்தான் வீட்டுப் பிள்ளைகள் விழிப்போம். ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் பிடிகள் கடைகளுக்கு வந்த பிறகு, பழைய கத்திகள் அடைப்பத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. அவர் இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது யாரோ அடைப்பத்தைப் பழைய இரும்போடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. காரைக்குடியில் அந்த டப்பாவை வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

டப்பாவை வாங்கிய ஒரு மாதத்தில், தாத்தாவோடு தொழில் செய்த பெரியவர் ஒருவரிடம் கத்திகளைக் கொண்டுபோனேன். எண்பதைக் கடந்தவர், கண்பார்வை குறைந்திருந்தது. நான் ஆர்வத்தோடு ஒவ்வொரு கத்தியின் காம்பிலும் பொறித்திருந்த ஆங்கிலப் பெயரைப் படித்துக் காட்டினேன். அவர் கையமர்த்திவிட்டார். “பெயரை அப்புறம் படிக்கலாம், தம்பி. முதலில் முதுகைப் பார்” என்றார். பிறகு ஒவ்வொன்றாக வாங்கி, கட்டைவிரலால் முதுகை, அதாவது கூருக்கு எதிர்ப்புறமுள்ள தடித்த விளிம்பைத் தடவித் தடவி இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று “உழைத்த கத்தி”, மற்றது “வீட்டுக் கத்தி”. கடையில் நாள்தோறும் பத்துப் பேருக்கு மழித்துத் தேய்ந்தது உழைத்த கத்தி. வசதியான வீட்டில் ஒருவருக்காக வாங்கி, பெட்டிக்குள் இருந்தது வீட்டுக் கத்தி. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய குடும்பங்களின் வீடுகளில் ஐரோப்பியக் கண்ணாடியும் எனாமலும் கடிகாரமும் இருந்தது போலவே நல்ல சவரக்கத்தியும் இருந்தது. ஜில்லெட் பாதுகாப்பு ரேசர் விற்பனைக்கு வந்ததே 1903இல்தான். முதல் உலகப்போருக்குப் பிறகுதான் அது உலகமெங்கும் பரவியது. அதற்கு முன் முகம் மழிக்கப் பெரும்பாலும் இந்தக் கத்திதான்.

பெரியவர் சொன்னதன் கணக்கு எனக்குப் பின்னால்தான் விளங்கியது. சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும், கூரான விளிம்பாகிய வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கும். வாயின் கோணத்தைக் காப்பது முதுகுதான். ஆகவே வாய் தேயும்போதெல்லாம் முதுகும் தேயும். முதுகின் இரு ஓரங்களிலும் மெல்லிய பளபளப்பான கோடு தெரிந்தால் அது இயல்பான தேய்மானம். அந்தக் கோடு அகன்று பட்டையாகி, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால், யாரோ அழுத்தி, கோணலாக, பல ஆண்டுகள் தீட்டியிருக்கிறார்கள். இழந்த எஃகு திரும்ப வராது.

இதற்கு ஒரு வெர்னியர் அளவுகோல் போதும். முதுகின் கனத்தையும், முதுகிலிருந்து வாய் வரையுள்ள அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். அகலம், கனத்தைப்போல 3 முதல் 4 மடங்குக்குள் இருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியில் கோணம் ஏறத்தாழ 16 பாகை வரும்; முகத்துக்கு அருமையான அளவு. பிடிக்கு அருகிலுள்ள குதிப்பக்கம், நடு, முனை என்று மூன்று இடங்களில் அளப்பது என் வழக்கம். நேரான கத்தியில் முனைப்பக்கம் மட்டும் சட்டென ஒடுங்கியிருந்தால் அது உழைத்த கத்தி.

அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வது இந்தத் தொழிலின் மரபு. எட்டில் ஐந்து என்றால் சுமார் 16 மில்லிமீட்டர். எட்டில் ஆறு 19 மில்லிமீட்டர். எட்டில் நான்கு என்று விற்பவர் சொன்னால், அது பிறவியிலேயே நான்கா, ஆறாகப் பிறந்து தேய்ந்து நான்கானதா என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. முதுகைப் பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது வாய். கத்தியை ஒரு கண்ணாடித் தட்டின் மேல் நிறுத்திப் பாருங்கள். வாய் நடுவில் வெளியே புடைத்திருந்தால் கவலை வேண்டாம். பல கத்திகளை அப்படியே செய்தார்கள். நடுவில் உள்ளே குழிந்திருந்தால் அதைச் சரிசெய்ய நிறைய எஃகைக் கரைக்க வேண்டியிருக்கும். அரை மில்லிமீட்டர் சில்லுப் பெயர்ப்பு தீட்டலில் போய்விடும். இரண்டு மில்லிமீட்டர் போகாது. விரிசல் இருந்தால் பெயர் எதுவானாலும் டப்பாவில் திரும்ப வைத்துவிடுங்கள். விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு மெல்லிய எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்கிறேன். விரிசலுக்குள் போன எண்ணெய் மயிரிழைக் கோடாகக் கசிந்து வெளியே வரும். துரு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதுகிலும் காம்பிலும் உள்ள கறுப்பு, வயதின் அடையாளம் மட்டுமே. வாயிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் ஊசிமுனை போன்ற குழிகள் இருந்தால், தீட்டத் தீட்டப் புதிய வாய் அந்தக் குழிகளின் மேலேயே வந்து நிற்கும், கூர் நிற்காது.

இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகு பெயரைப் படிக்கலாம்.

பெயர் இருப்பது காம்பில், அதாவது அலகுக்கும் ஆணிக்கும் இடைப்பட்ட பகுதியில். ஷெஃபீல்டு, ஸோலிங்கன் என்ற இரு ஊர்ப் பெயர்கள்தான் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படும். முதலாவது இங்கிலாந்து, இரண்டாவது ஜெர்மனி. ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா எப்போதாவது கிடைக்கும். அங்கே செய்த ஹெல்யெஸ்ட்ராண்ட் கத்தியை நான் ஒரே ஒரு முறைதான் கையில் ஏந்தியிருக்கிறேன். கடைக்காரர் விலை சொல்வதற்குள் எனக்குக் கை வியர்த்துவிட்டது.

காலத்தைக் கணிக்கச் சில கைப்பிடிகள் உண்டு. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்தால், 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. ஆகவே வெறும் ‘ஷெஃபீல்டு’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். ‘இங்கிலாந்து’ சேர்ந்திருந்தால் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘இருக்கலாம்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவுக்குப் போகாத சரக்குக்கு இந்த விதி பொருந்த வேண்டியதில்லை. அரச முத்திரை இன்னொரு துணை. கிரீடத்தோடு ‘டபிள்யூ ஆர்’ என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை. ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ‘ஜி ஆர்’ இருந்தால் அவசரப்படக் கூடாது. 1830க்கு முன்பும் ஜார்ஜ், 1910க்குப் பின்பும் ஜார்ஜ். அங்கே வடிவம்தான் சாட்சி. 18ஆம் நூற்றாண்டுக் கத்திக்கு வால், அதாவது ஆணிக்கு அப்பால் நீளும் பகுதி மிகக் குட்டை, அல்லது இல்லவே இல்லை. பழையவை ஆப்பு போலத் தடித்து நேராகச் சரியும். இருபுறமும் குடைந்து மெலிந்து, நகத்தால் சுண்டினால் மணிபோல் பாடும் கத்திகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியவை. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்திருந்தால் 1913க்குப் பிந்தியது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டது அந்த ஆண்டில்தான். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

ஷெஃபீல்டுப் பெயர்களில் நான் தேடுவது மூன்று. ஜோசப் ராட்ஜர்ஸ்: நட்சத்திரமும் மால்டா சிலுவையும் அதன் குறி, பல கத்திகளில் நார்ஃபோக் தெரு 6ஆம் எண் என்ற முகவரியும் இருக்கும். ஜார்ஜ் வோஸ்டன்ஹோம்: ஐ, நட்சத்திரம், எக்ஸ், எல் என்று எழுத்துகளாக நிற்பதைச் சேர்த்துப் படித்தால், நானே விஞ்சுகிறேன் என்ற பொருள் வரும் ஆங்கிலத் தொடர். வேட் அண்ட் புட்சர்: கனமான, அகலமான அலகுகளுக்குப் பேர்போனது. ஜெர்மனியில் ஹெங்கெல்ஸின் இரட்டையர் குறி 1731இல் பதிவானது. ‘ஃப்ரியோடூர்’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் 1939க்குப் பிந்தியது. ஸோலிங்கன் என்ற பெயரையே 1938இல் ஒரு சட்டம் காத்தது. அந்த வட்டாரத்தில் செய்யாத பொருளில் அதைப் பொறிக்க முடியாது. பெயரில்லாத சிறு கடைக்காரர் ஒருவரின் முத்திரையோடு ஸோலிங்கன் என்று மட்டும் இருக்கும் கத்திகளை அதனால்தான் நம்பி வாங்குகிறேன். என் முகத்தை இன்று மழிப்பது அப்படி ஒன்றுதான். அதற்கு நான் கொடுத்தது 600 ரூபாய்.

2018இல் அக்கா மகளின் பட்டமளிப்புக்காக ஷெஃபீல்டு போனேன். கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில் ஹாலி தொகுப்பின் கருவிகள் முன்பு அரை நாள் நின்றேன். மறுநாள் அபிடேல் தொழிற்கிராமத்தில் எஃகு உருக்கும் கலமான மூசைக்குரிய பழைய உலையைப் பார்த்தேன். பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் 1740களில் கண்ட முறை அது: களிமண் மூசைக்குள் எஃகை அடைத்து, முழுதும் உருக்கி, வார்த்தெடுப்பது. கத்திகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று பெருமையோடு பொறித்திருப்பது இதைத்தான். மூசைக்கான களிமண்ணை வெறுங்காலால் மிதித்துப் பதப்படுத்துவார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணல் நினைவுக்கு வந்தது. அங்கும் அகழாய்வில் மூசைகள் கிடைத்திருக்கின்றன. தென்னிந்திய உருக்கு ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ என்று பெயர் பெற்றது. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘உக்கு’, நமக்கு ‘உருக்கு’. அந்த எஃகின் கட்டிகள் லண்டனுக்குப் போய், 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். அதை அடித்துக் கருவி செய்து பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளி. பிறகு அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து வூட்ஸின் இரகசியத்தைத் தேடினார்கள். அந்தத் தேடலின் வழியில்தான் எஃகில் 500இல் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த கலவையும் பிறந்தது. ‘சில்வர் ஸ்டீல்’ என்று பொறித்த பழைய கத்திகளின் கதை அங்கே தொடங்குகிறது. பிற்காலத்தில் அந்தச் சொல் வெறும் விளம்பரமாகிப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஆனால் தாத்தாவின் கைக்குக் கப்பலில் வந்த எஃகுக்கும், இங்கிருந்து கப்பலில் போன உருக்குக்கும் இப்படி ஓர் உறவு இருந்தது என்று தெரிந்த நாளில் எனக்குக் கண் கலங்கியது.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மைதானச் சந்தையில் இரண்டு கத்திகள் வாங்கினேன். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. பெட்டியோடு சரக்கில் போட்டுவிட வேண்டும்.

இனி நான் கெடுத்த கத்தி. டப்பாவில் இருந்த ஒன்பதில் அது வேட் அண்ட் புட்சர். எட்டில் ஏழு அகலம், முதுகில் தேய்மானமே இல்லை, அலகின் பக்கவாட்டில் அமிலத்தால் அரித்த எழுத்துகள். ‘ஃபார் பார்பர்ஸ் யூஸ்’ என்று படிக்க முடிந்தது. அந்த எழுத்துகளுக்குள் பொன்னிறத் தூள்போல் ஏதோ மின்னியது. அதை அழுக்கு என்று நினைத்தேன். உலோகம் துலக்கும் பசையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அது பொன் பூச்சு என்று எனக்குத் தெரியாது. நூறாண்டுக்கு மேல் நிலைத்த பொன் இருபது நிமிடத்தில் துணியோடு போனது. அதோடு விட்டிருந்தாலும் கத்தி பிழைத்திருக்கும். கூர் வேண்டுமே என்று தெருவில் சாணை பிடிக்க வந்தவரிடம் கொடுத்தேன். அவர் அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் பழகியவர், அவர்மேல் பிழையில்லை. சக்கரத்தில் பொறி பறந்தது. வாயோரம் முழுவதும் நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் என்றால் சூட்டில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பதம் இறங்கிய வாய் எந்தக் கல்லிலும் கூரை ஏந்தாது. அந்தக் கத்தியை நான் இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

ஆகவே சுத்தம் செய்வதில் என் முறை மிக மெதுவானது. முதலில் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கிறேன். முன்பின் தெரியாத முகங்களில் ஓடிய கத்தி அது. ஆணியிடுக்கில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் ஊற விடுகிறேன். இறுகிய கத்தியை வலுவாகத் திறந்தால் பிடி விண்டுபோகும். துருவை மிக மென்மையான இரும்புப் பஞ்சாலும் எண்ணெயாலும் மட்டும் எடுக்கிறேன். எழுத்துள்ள பக்கத்தில் கையே வைப்பதில்லை. விற்பதற்காக வைத்திருக்கும் கத்தியை எந்த அளவுக்குத் தொடாமல் விடுகிறோமோ அந்த அளவுக்கு நல்லது. சேகரிப்பவர் கறுத்த பழமைக்குத்தான் பணம் கொடுக்கிறார், பளபளப்புக்கு அல்ல. தீட்டுவதற்குத் தண்ணீர்க் கற்கள் போதும். கல்லின் மென்மையைக் குறிக்கும் எண்ணில் 1000, 4000, 8000 என்று படிப்படியாக ஏறி, கடைசியில் தோல்வார். கையால் தீட்டும்போது நீலம் பாயாது.

பிடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவதும் சட்டத்தில் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். பழைய பிடிகள் பெரும்பாலும் எருமைக் கொம்பு. வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்குள் தேன் நிறக் கீற்றுகள் தெரியும். பூச்சி அரித்த குழிகள் இருந்தால் கொம்பு என்பதற்கு அதுவே சான்று. எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். வெள்ளைப் பிடி என்றாலே கடைக்காரர் தந்தம் என்பார். பெரும்பாலும் அது செல்லுலாய்டு. அதில் கோடுகள் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் இணையாக ஓடும். உண்மையான யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தெரியும். அப்படித் தெரிந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 1986இல் இந்தியத் தந்த வணிகத்தையும் 1991இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடுத்துவிட்டன. எவ்வளவு பழையது, எவ்வளவு சிறியது என்ற வாதம் உதவாது. ஆமை ஓட்டுப் பிடிக்கும் இதே எச்சரிக்கைதான். ஒருமுறை அப்படி ஓர் இணைக் கத்தியைக் கொச்சியில் பார்த்தேன், அழகான வேலைப்பாடு. தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும். துணியால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் கற்பூர வாசம் வரும், அதுவே போதும். செல்லுலாய்டுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வயதாகும்போது அது சிதைந்து அமில ஆவியை வெளியிடும். என் டப்பாவில் உதவாமல்போன ஐந்தில் இரண்டு தேய்ந்தவை. மற்ற மூன்றில் ஒன்று, தேன் நிறச் செல்லுலாய்டுப் பிடி போட்டது. பிடி உதிர்ந்து, அது மூடியிருந்த இடத்தில் அலகைத் தின்றிருந்தது. அதன் இருபுறமும் ஒட்டிக் கிடந்த இரண்டு நல்ல கத்திகளும் அந்த ஆவியிலேயே அரித்துப்போயிருந்தன. செல்லுலாய்டுப் பிடிக் கத்தியை இப்போது காற்றோட்டமான இடத்தில் தனியாக வைக்கிறேன். மூடிய டப்பாவில் மற்றவற்றோடு சேர்த்து வைப்பதே இல்லை.

ஆணிகளையும் பாருங்கள். பித்தளை ஆணித்தலை கறுத்து, பிடியோடு படிந்திருந்தால் அசல். ஒன்று கறுத்து ஒன்று புதிதாக மின்னினால் பிடி மாற்றப்பட்டிருக்கிறது. அலகு ஒரு கத்தியுடையது, பிடி இன்னொன்றுடையது என்று சேர்த்துக் கட்டிய கத்திகள் நிறைய. மழிக்க வாங்குகிறவருக்கு அதனால் நட்டமில்லை. சேகரிக்க வாங்குகிறவர் விலையில் பாதியைக் குறைத்துக் கேட்கலாம். நான் அப்படித்தான் கேட்கிறேன். மடித்தால் வாய் பிடியின் நடுவில் இறங்க வேண்டும், ஓரத்தில் உரசக் கூடாது.

விலை என்ன என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இணையத்தில் ஒருவர் 25,000 ரூபாய் என்று போட்டிருப்பதைப் பார்த்து, தம்மிடம் உள்ளதும் அவ்வளவு பெறும் என்று நம்பிவிடுகிறார்கள். கேட்கும் விலை விலையல்ல. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். அங்கே தெரிவதுதான் சந்தை. அதே பெயர், அதே அகலம், ஏறத்தாழ அதே தேய்மானம் உள்ள ஐந்தாறு விற்பனைகளைப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிடுகிறேன். நம் ஊரில் நான் கொடுத்தது இதுதான்: உழைத்த கத்திக்கு எதுவும் கொடுப்பதில்லை, பெயர் தெரியாத, முதுகு நன்றாக உள்ள ஸோலிங்கனுக்கு 400 முதல் 1,200 ரூபாய், எழுத்தும் பெயரும் தெளிவான, எட்டில் ஆறுக்கு மேற்பட்ட ஷெஃபீல்டுக்கு 3,000 வரை. டப்பாவில் இருந்த வோஸ்டன்ஹோமை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பெங்களூருச் சேகரிப்பாளர் ஒருவருக்கு 6,500 ரூபாய்க்குக் கொடுத்தேன். அவர் முதலில் அளந்தது முதுகை.

விலையைக் கூட்டுபவை சில. அகலம், கெடாத பொன்னெழுத்து, அசல் பெட்டி, ஒரே கைவேலையில் செய்த இணை. முதுகில் வாரநாள்களின் பெயர் பொறித்த ஏழு கத்திகள் ஒரே பெட்டியில் இருந்தால், பிரித்து விற்கக் கடைக்காரர் முயன்றாலும் பிரிக்க விடாதீர்கள். ஒன்று போனால் மற்ற ஆறும் தம் மதிப்பை இழக்கும். நூறாண்டைக் கடந்த பொருளை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப எண்ணினால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

போலிகளைப் பற்றி ஒரு வரி: பெரிய பெயர்களைச் சற்றே மாற்றிப் பொறித்த கத்திகள் நூறாண்டுக்கு முன்பே இருந்தன. பழைய குறி அடித்தபோது எஃகு உள்வாங்கியிருக்கும். எழுத்தின் ஓரங்கள் வயதோடு மழுங்கியிருக்கும். கறுப்புச் சாயம் ஏற்றிய புதிய கத்தியில் எழுத்தின் அடித்தளமும் மேற்பரப்பும் ஒரே நிறத்தில் இருக்கும். லென்ஸில் பார்த்தால் ஐயம் தீரும்.

சென்ற ஐப்பசியில் மீண்டும் அதே தெருவுக்குப் போனேன். பெரியவர் இப்போது இல்லை. வேறொரு கடையில் மூன்று கத்திகள். இரண்டின் முதுகைத் தடவியதும் வைத்துவிட்டேன். மூன்றாவது, கறுப்புக் கொம்புப் பிடி போட்ட சாதாரண ஸோலிங்கன். முதுகு நடுத்தரம், வாயில் ஒரு சில்லு. சந்தையில் 500 ரூபாய்க்கு மேல் பெறாது. பிடியின் உட்புறத்தில் யாரோ ஆணிமுனையால் இரண்டு தமிழ் எழுத்துகளைக் கீறியிருந்தார்கள்: ‘மு. க.’ கடையில் கத்திகள் மாறிப்போகாமல் இருக்கத் தொழிலாளிகள் அப்படி அடையாளம் இடுவார்கள். தாத்தாவின் கத்தியிலும் அவருடைய எழுத்து இருந்தது. கடைக்காரர் 900 ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன். சில்லைத் தீட்டி எடுத்துவிட்டேன். அந்தக் கீறலுக்குள் படிந்திருந்த பழைய சோப்பை மட்டும் எடுக்கவில்லை.